அம்புக்குறி மவுஸுக்குள் இல்லை

மவுஸ் அம்புக்குறியைக் காணவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் மவுஸை மட்டும்தான் கொண்டுவருவார்கள். கணினி வீட்டில் இருக்கும். வயரைச் சுற்றி, சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ, அம்பு வருகுதில்லை” என்பார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் கணினி திருத்துகிற எல்லோருக்கும் பழகிப்போன காட்சிதான். நான் அந்த மவுஸை என் கணினியில் குத்திக் காட்டுவேன். அம்பு ஓடும். “இஞ்சை ஓடுது, பிறகேன் அங்கை ஓடேல்லை?” என்று என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

மவுஸின் வேலை மிகச் சின்னது. இடப்பக்கம் இவ்வளவு நகர்ந்தேன், மேலே இவ்வளவு நகர்ந்தேன், இந்தப் பொத்தானை அமத்தினார்கள் என்று கணினிக்குச் சொல்லும். அதோடு சரி. திரையில் அம்பு எங்கே நிற்கிறது என்பது மவுஸுக்குத் தெரியவே தெரியாது. வந்த எண்களைக் கூட்டிக் கழித்து ஓர் இடத்தைக் கணித்து, அங்கே ஒரு சின்ன அம்புப் படத்தை வரைவது கணினி. மவுஸ் சுகமாக இருந்தும் படம் வரையப்படாமல் போகலாம். படம் ஒழுங்காக வரையப்பட்டும் நம் கண்ணில் படாமல் போகலாம். “அம்பைக் காணவில்லை” என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது. எது என்று பிரித்துப் பார்க்காமல் புது மவுஸ் வாங்குவது காசுக்குக் கேடு.

தொடக்கத்திலிருந்தே மவுஸும் அம்பும் வேறு வேறாகத்தான் இருந்தன. 1964இல் அமெரிக்காவில் டக்ளஸ் ஏங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான். 1968 டிசெம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏங்கல்பார்ட் மவுஸைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். இன்று நாம் பார்க்கும் இடப்பக்கம் சரிந்த அம்பு பிறகுதான் வந்தது. அன்றைய திரைகளில் புள்ளிகள் பெரிதாகவும் குறைவாகவும் இருந்தன. நேராக நிற்கும் அம்பைவிடச் சரிந்த அம்பு அந்தப் புள்ளிகளுக்குள் தெளிவாக விழுந்ததால் ஜெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் அதைச் சரித்துவிட்டார்கள். அம்புக்குறி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

சரி, அம்பைக் காணவில்லை. முதலில் என்ன செய்வது? நான் தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: மவுஸைக் கொஞ்சம் அசைத்து, வலப்பக்கப் பொத்தானை ஒருதரம் அமத்துங்கள். எங்காவது ஒரு சின்னப் பட்டியல் திறக்கிறதா? திறந்தால் மவுஸ் பேசுகிறது, கணினிக்கும் கேட்கிறது, படம்தான் தெரியவில்லை. ஒன்றும் திறக்காவிட்டால் கப்ஸ் லொக்கை அமத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அதுவும் அசையாவிட்டால் கணினியே உறைந்துபோய்விட்டது, மவுஸைக் குறை சொல்லிப் பயனில்லை. விளக்கு எரிகிறது, பட்டியல் மட்டும் வரவில்லை என்றால் மவுஸின் பேச்சு கணினிக்குப் போய்ச்சேரவில்லை. விண்டோஸ் 8இலிருந்து ஒரு பழக்கமும் உண்டு. எந்த மவுஸும் இணைக்கப்படவில்லை என்று கணினி நினைத்தால் அம்பை வரையாமலே விட்டுவிடும். தொடுதிரைக் காலத்துக்காக வைத்த வழக்கம். பழைய விண்டோஸில் மவுஸ் செத்தால் அம்பு அசையாமலாவது நிற்கும். இப்போது அந்த அடையாளமும் இல்லை.

லப்டொப் என்றால் நான் முதலில் விசைப்பலகையின் மேல் வரிசையைத்தான் பார்ப்பேன். எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள பொத்தான்களில் ஒன்றில் ஒரு சின்னச் சதுரமும், அதன்மேல் ஒரு குறுக்குக் கோடோ விரலோ வரைந்திருக்கும். தொடுபலகையை நிறுத்தும் பொத்தான் அது. எஃப்என் பொத்தானோடு சேர்த்து அமத்தினால் தொடுபலகை செத்துவிடும், திரும்ப அமத்தினால் உயிர்க்கும். ஏசரில் பெரும்பாலும் எஃப்7, பழைய ஆசுஸில் எஃப்9. எச்பியின் பழைய லப்டொப்களில் இன்னொரு விளையாட்டு இருந்தது: தொடுபலகையின் இடது மேல் மூலையில் இருமுறை தட்டினால் அது நின்றுவிடும், பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் விளக்கு எரியும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டப் போனவர்கள் பக்கத்துப் பொத்தானை அமத்திவிட்டு, வைரஸ் வந்துவிட்டது என்று வருவார்கள். வைரஸுக்கு உங்கள் அம்பை ஒளித்து வைத்து என்ன லாபம்?

இதோடு சேர்ந்த இன்னொன்று, வெளி மவுஸ் குத்தியிருந்தால் தொடுபலகையை நிறுத்திவிடும் அமைப்பு. வயரில்லாத மவுஸோடு வரும் சின்ன யூஎஸ்பித் துண்டு, அதாவது டொங்கிள், லப்டொப்பின் பக்கத்தில் குத்தியபடியே இருக்கும். மவுஸ் மட்டும் அலுமாரியில். லப்டொப் மவுஸ் இருக்கிறது என்று நம்பித் தொடுபலகையைப் பூட்டி வைத்திருக்கும். டொங்கிளைக் கழற்றினால் அம்பு வந்துவிடும்.

அடுத்தது எல்லோரும் சொல்லும் வசனம். “ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்திட்டன் தம்பி, சரிவரேல்லை.” இதைக் கேட்டதும் நான் திருப்பிக் கேட்பேன்: “ஷட்டவுன் குடுத்தனீங்களோ, ரீஸ்டார்ட் குடுத்தனீங்களோ?” இரண்டும் ஒன்றுதானே என்ற முகத்தோடு பார்ப்பார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து இரண்டும் ஒன்றில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற அமைப்பு இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், விண்டோஸ் தன் அடிப்படைப் பகுதியையும், மவுஸ், திரை போன்றவற்றை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொண்டு எழும்பும். சீக்கிரம் எழும்புகிறது என்று நமக்குச் சந்தோசம். ஆனால் நேற்று மூளை குழம்பிய மவுஸ் டிரைவரும் அதே குழப்பத்தோடு இன்றைக்கும் எழும்பிவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஷட்டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்திருந்தாலும் முழுதாக நிற்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் நின்ற காலத்தில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்கள் இந்த ஒரு விசயத்தில் மட்டும் நல்லாய் இருந்தன. கரண்ட் பட்டென்று போனால் எழுதி வைத்துப் படுக்க நேரம் ஏது! டிஸ்க்குகள் பட்ட பாடு வேறு கதை.

அம்பு இல்லாமல் ரீஸ்டார்ட் கொடுப்பது எப்படி என்பார்கள். விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ். ஒரு பட்டியல் எழும்பும். மேல் அம்பு, கீழ் அம்பு, எண்டர் இருந்தால் அதற்குள் எங்கும் போகலாம். கொன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் அமத்தி, டாப் (Tab) பொத்தானால் மூலையிலுள்ள பவர் அடையாளத்துக்குப் போகலாம். மேசைத்தளத்தில் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு ஆல்ட்டும் எஃப்4உம் அமத்தினாலும் கேட்கும். மவுஸ் வருமுன்னரே டைப்ரைட்டரில் பழகிய தலைமுறைக்கு இது சுலபம். மவுஸோடு பிறந்த பெடியன்கள்தான் அம்பு இல்லையென்றால் கைகட்டி நிற்கிறார்கள்.

இனிப் படம் தெரியாத வகைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இதில் எதுவும் பழுதாவதில்லை, ஆட்களுக்குத்தான் விசர் பிடிக்கும்.

அச்சகங்களில் தட்டச்சு செய்கிறவர்கள் இந்தக் கரைச்சலை அடிக்கடி சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கவேண்டும். தேவாரம், திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கை, வம்ச வரிசை எல்லாம் வந்து, பிரதி கைக்குக் கிடைக்கையில் நாள் முடியப்போகும். தட்டச்சு செய்யும் அக்காவுக்குப் பாமினித் தமிழ் எழுத்துரு விரலில் ஓடும். வலப்பக்கம் கையெழுத்துப் பிரதி, கண் அதிலே. ஒரு பந்தி முடிந்து திரையைப் பார்த்தால் அம்பு இல்லை. மவுஸைப் பிடித்து வட்டமாய் ஆட்டினால் எங்கிருந்தோ வரும். திரும்பத் தட்டினால் திரும்பவும் போய்விடும். “தொட்டால் வருகுது, விட்டால் போகுது. பேய் பிடிச்ச மவுஸ் தம்பி” என்றார் அவர். மவுஸ் அமைப்புகளுக்குள் பொயின்டர் ஒப்ஷன்ஸ் என்ற பக்கத்தில் “ஹைட் பொயின்டர் வைல் டைப்பிங்” என்று ஒரு பெட்டி உண்டு. தட்டச்சு செய்யும்போது எழுத்தை மறைக்காமல் அம்பு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று வைத்தது. நோட்பாட், வேர்ட் மாதிரியானவை இதற்குக் கட்டுப்படும், எல்லா மென்பொருளும் கட்டுப்படாது. அதனால்தான் வேர்ட்டில் பிடித்த பேய் பேஜ்மேக்கருக்குப் போனதும் இறங்கிவிடுகிறது. அந்தப் பெட்டியில் சரிக்குறியை எடுத்துவிட்டேன். அதே பக்கத்தில் அதற்குக் கீழே இன்னொரு பெட்டி, கொன்ட்ரோல் பொத்தானை அமத்தினால் அம்பு நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டங்கள் சுருங்கிக் காட்டும். அதில் குறி போட்டேன். எனக்குக் கேட்டால் இதைக் கணினி விற்கும்போதே போட்டுக் கொடுக்கவேண்டும். ஆப்பிள் கணினிகளில் 2015இலிருந்து மவுஸை விறுவிறென்று ஆட்டினால் அம்பே பெரிதாக வீங்கிக் காட்டும். அம்பைத் தொலைத்தவன் முதலில் செய்வது மவுஸை ஆட்டுவதுதான் என்பதை யாரோ கவனித்துச் செய்திருக்கிறார்கள்.

கொக்குவிலில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய முறைப்பாடு விசித்திரமானது. மேசைத்தளத்தில் அம்பு இருக்கிறது. இணையத்தில் இருக்கிறது. வேர்ட்டுக்குள், அதுவும் தாளின்மேல் கொண்டுபோனால் மறைந்துவிடுகிறது. தாளுக்கு வெளியே எடுத்தால் வந்துவிடுகிறது. புது மவுஸ் வாங்கியாயிற்று. கண்ணில் வெண்படலம் தொடங்குகிறதோ என்ற பயமும் வந்துவிட்டது. கண் டொக்டரிடம் நம்பர் எடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால் வேர்ட்டில் தாளின் நிறம் சாம்பல். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசுகிறது என்று அவரே மாற்றிவைத்தாராம். எழுத்தின்மேல் போகும்போது அம்பு மெல்லிய நிமிர்ந்த கோடாக மாறும் அல்லவா, விண்டோஸில் அந்தக் கோட்டுக்குச் சொந்த நிறம் கிடையாது. அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டும். வெள்ளையின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் வெள்ளை. கணினியின் கணக்கில் கறுப்பு 0, வெள்ளை 255. புரட்டுவது என்றால் 255இலிருந்து கழிப்பது. நட்டநடுச் சாம்பல் 128. நான் இதுவரைதான் சொன்னேன். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அப்ப 127 வரும். 128இன்மேல் 127 எப்பிடித் தெரியும்?” என்று மிச்சத்தைத் தானே சொன்னார். பிறகு தாளின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கச் செய்து, எந்த இடத்தில் கோடு தன் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மலருக்கான கட்டுரை அப்படியே கிடந்தது. மனுசி கொண்டுவந்த தேத்தண்ணியும் ஆறிப்போனது.

அவருக்குச் செய்து கொடுத்தது இதுதான்: செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டிக்குள் போனால் மவுஸ் அம்பின் அளவை 1 முதல் 15 வரை கூட்டலாம், நிறத்தையும் நாமே தெரியலாம். விண்டோஸ் 10இல் 2019இல் வந்த புதுப்பிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. சொந்த நிறம் கொடுத்துவிட்டால் எழுத்துக் கோட்டுக்கும் அதே நிறம் வரும், புரட்டல் கணக்கு நின்றுவிடும். அவர் பச்சையைத் தெரிந்து, அளவை 4இல் வைத்துக்கொண்டார். வயதானவர்கள் வீட்டுக் கணினியில் யாரும் கேட்காமலே செய்துவிடக்கூடிய வேலை இது. பேரப்பிள்ளைகள் விளையாட்டு மென்பொருள் ஏற்றும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

இன்னொரு வகை, என் பெரியம்மா வீட்டில் நடந்தது. அண்ணை ரொறொன்ரோவில். வீட்டு லப்டொப்பில் பெரியம்மா அவரோடு பேசுவார், கோயில் திருவிழா நேரலை பார்ப்பார், வேறொன்றும் இல்லை. ஒருநாள் ஏதோ புதுப்பிப்பு ஏறி முடிந்தபின் அம்பைக் காணவில்லை. அங்கே இரவு, இங்கே காலை. அண்ணை தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுப்பித்து வட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தார். படத்தில் அம்பு இல்லை. “உண்மையாத்தான் காணேல்லை” என்றார். பிறகு தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளில் உள்ளே வந்தார். இப்போது அவருக்கு அம்பு நன்றாகத் தெரிகிறது.

“இருக்குதேயம்மா, நடுவிலை நிக்குது.”

“எனக்குத் தெரியேல்லை மோனை.”

“இந்தா ஆட்டுறன், பாருங்கோ.”

“ஒண்டும் ஆடேல்லை. நீ ஆரின்ரை கொம்பியூட்டரைப் பாக்கிறாய்?”

நான் போய்ச்சேரும்போது இரண்டுபேருக்கும் கோபம். இருவர் சொன்னதும் உண்மை. அம்பைத் திரையிலுள்ள மற்றப் படங்களோடு சேர்த்துக் கணினி வரைவதில்லை. கிராஃபிக்ஸ் பகுதி தனியொரு அடுக்காக எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கவிடுகிறது. மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் முழுத்திரையையும் திரும்ப வரைந்துகொண்டிருக்கத் தேவையில்லாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதனால் ஸ்கிரீன்ஷொட்டில் அம்பு சாதாரணமாக விழாது, அது சுகமாக இருக்கும் நாளிலும் விழாது. இதற்கு ஸ்கிரீன்ஷொட் கேட்பதே வீண். போனால் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லவேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியும் அம்போ பெரும்பாலும் அவருடைய கணினியே வரைந்துகொள்வது. மகனுக்கு அது தெரியும், தாய்க்குத் தெரியாது.

அந்த மேலடுக்கு சிக்கிக்கொண்டால் விண்டோஸ் பொத்தான், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமத்தவேண்டும். திரை ஒரு கணம் கறுத்து, ஒரு ‘பீப்’ சத்தம் கேட்டுத் திரும்ப வரும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். திறந்திருக்கும் வேலை எதுவும் அழியாது. பெரியம்மாவுக்கு அம்பு வந்தது. ஆனால் அடுத்தடுத்த நாளும் போனது. அதற்கு நான் செய்தது பழைய கால வைத்தியம். பொயின்டர் ஒப்ஷன்ஸில் அம்புக்குப் பின்னால் வால் மாதிரி நிழல் வரும் அமைப்பு ஒன்று இருக்கிறது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்திலேயே இருக்கிறது. அன்றைய லப்டொப்களின் எல்சிடி திரைகள் மந்தம், அம்பை வேகமாக நகர்த்தினால் நிற்கும்வரை கண்ணுக்கே தெரியாது. போன வழியாவது தெரியட்டும் என்று வால் வைத்தார்கள். இன்றைய திரைக்கு அது தேவையில்லை. ஆனால் வாலைப் போட்டால் விண்டோஸ் அந்தத் தனி மேலடுக்கைக் கைவிட்டு அம்பைத் தானே வரையத் தொடங்கும். வாலை ஆகக் குறைந்த நீளத்தில் வைத்துவிட்டால் அது இருப்பதே தெரியாது, அம்பும் தொலையாது. சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் ஏற்றும்வரை இது தாக்குப்பிடிக்கும்.

டியூசன் கொட்டில்களில் வரும் கதை இன்னும் சுலபம். நேற்றுப் புரொஜெக்டர் குத்திப் படிப்பித்திருப்பார்கள். திரை “எக்ஸ்டெண்ட்” நிலையில் நிற்கும், அதாவது லப்டொப் திரைக்குப் பக்கத்தில் புரொஜெக்டர் ஓர் இரண்டாவது திரை. புரொஜெக்டரை அணைத்தாலும் வயர் குத்தியிருந்தால் அந்த இரண்டாவது திரை இருப்பதாகவே லப்டொப் நினைக்கக்கூடும். அம்பு ஓரத்தைக் கடந்து அங்கே போய் நிற்கும். வயரைக் கழற்றினால் வந்துவிடும், அல்லது விண்டோஸ் பொத்தானும் பியும் (P) அமத்தி முதலாவதைத் தெரியலாம். இதற்கு நான் கூலி வாங்குவதில்லை.

வயரில்லாத மவுஸ் பற்றியும் சொல்லவேண்டும். இந்த ஊரில் பட்டரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. போர் நடந்த 1990களில் பட்டரி இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் செத்த பட்டரியை எறியமாட்டார்கள், வெயிலில் வைத்து எடுத்து மவுஸுக்குள் போடுவார்கள். கொஞ்சநேரம் ஓடும். அம்பு விட்டுவிட்டு வருகிறது, இரவில் காணாமல் போகிறது என்று முறைப்பாடு வந்தால் முதலில் பட்டரி எந்த ஆண்டினது என்று கேட்பேன்.

பட்டரி புதிதாக இருந்தும் அம்பு திக்கித் திக்கி ஓடினால் டொங்கிள் எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மவுஸ் டொங்கிள்கள் பேசுவது 2.4 கிகாஹேர்ட்ஸில். யூஎஸ்பி 3.0 துளைகளும், அவற்றில் குத்தும் டிஸ்க்குகளும் வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறது. உள்ளே நீல நிறமுள்ள துளையில் பக்கத்தில் பக்கத்தில் டிஸ்க்கையும் டொங்கிளையும் குத்தி வைத்திருந்தால், படம் கொப்பி பண்ணும்போது அம்பு நொண்டும். டொங்கிளைக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன நீட்டு வயரில் மவுஸுக்குக் கிட்டக் கொண்டுவந்து வையுங்கள். சரிவரும்.

மவுஸின் அடியையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். இப்போதைய மவுஸுக்குள் இருப்பது ஒரு குட்டிக் கமரா. மேசையை வினாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை படம் பிடித்து, முன் படத்துக்கும் பின் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் அசைவைக் கணிக்கிறது. அந்தத் துளைக்குள் ஒரு தலைமயிர் விழுந்தால் போதும், அம்பு சும்மா கிடக்கையிலேயே துடிக்கும், திரையின் மூலைக்கு ஓடி ஒளியும். கண்ணாடி மேசையில் கமராவுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பழைய கொப்பி மட்டை ஒன்று போட்டாலே போதும். உருண்டை போட்ட பழைய மவுஸ் என்றால் செம்மண் தூசி உள்ளே உருளைகளில் பட்டையாக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டி எடுப்போம். அதை ஞாபகம் வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும்.

டிரைவர் பழுது கடைசியாக நான் சந்தேகிப்பது. விண்டோஸ் பொத்தானும் எக்ஸும், பிறகு எம். டிவைஸ் மனேஜர் திறக்கும். டாப் ஒன்று, கீழ் அம்புகளால் “மைஸ் அன்ட் அதர் பொயின்டிங் டிவைசஸ்” வரை இறங்கி, வலது அம்பால் விரித்து, உள்ளே இருப்பதில் நின்று ஷிஃப்ட்டும் எஃப்10உம் அமத்தினால் வலப்பக்கப் பொத்தானை அமத்தியது போலப் பட்டியல் வரும். அண்இன்ஸ்டோல் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானே திரும்ப ஏற்றிக்கொள்ளும். புதுப்பிப்புக்குப் பிறகு வந்த கரைச்சல் என்றால் பழைய டிரைவருக்குத் திரும்பும் வழியும் அதே இடத்தில், ப்ரொப்பர்ட்டீஸுக்குள் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்க எப்போதும் நேரம் கிடைக்காது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, உயர்தரப் பெறுபேறு நல்லாய் வந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். கடைசி நாள், இரவு. பாதியில் அம்பு மறைந்துவிட்டது. டெஸ்க்டொப், வேறு மவுஸ் வீட்டில் இல்லை, கடை எல்லாம் பூட்டியாயிற்று. தகப்பன் ஓடிவந்தார். வலப்பக்கப் பொத்தானுக்கு ஒன்றும் திறக்கவில்லை, அடியில் வெளிச்சமும் இல்லை. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லொக் (Num Lock) மூன்றையும் ஒன்றாய் அமத்தச் சொன்னேன். ஒரு கேள்வி எழும்பும், அதற்கு எண்டர். அதன்பிறகு வலப்பக்க எண் பலகை மவுஸாகிவிடும், மவுஸே இல்லாவிட்டாலும் அம்பு திரையில் வந்து நிற்கும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், மூலைகளுக்கு 7, 9, 1, 3. 5 அமத்தினால் கிளிக். கூட்டல் குறி இரட்டைக் கிளிக்.

அம்பு நத்தை வேகத்தில்தான் போகும். பிள்ளை 6இல் விரலை வைத்து அமத்திக்கொண்டே, “மாமா, இது எப்ப போய்ச் சேரும்?” என்று சிணுங்கினாள். ஒரு பெட்டிக்குள் போனபிறகு அடுத்த பெட்டிக்கு டாப், தெரிவுகளுக்கு மேல் கீழ் அம்புகள் என்று காட்டிக்கொடுத்ததும் வேகம் பிடித்தது. பாடங்களின் தெரிவு வரிசையை மட்டும் தகப்பனோடு விவாதித்து இரண்டு தரம் மாற்றினாள், அதில் போன நேரம்தான் அதிகம். விண்ணப்பம் நள்ளிரவுக்கு முன்னரே போய்ச்சேர்ந்தது. மவுஸை அடுத்தநாள் திறந்து பார்த்தேன். வயர் உள்ளே நுழையும் கழுத்தடியில் அறுந்திருந்தது. அறுந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே நிற வரிசை பார்த்து நாலு கம்பிகளையும் திரும்பப் பற்றாசு வைத்தேன். வயர் கொஞ்சம் கட்டையாகிவிட்டது, மற்றபடி அந்த மவுஸ்தான் இன்றைக்கும் அங்கே ஓடுகிறது.